எட்டரை டிகிரி வானம்

பிப்ரவரி இரண்டாம் வாரம், இரவு ஒன்பது மணி வாக்கில் திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் கோவில் குளத்தின் வடகரையில் நின்று தெற்கே பாருங்கள். கையை நேராக நீட்டி, தொடுவானத்தின் மேல் ஒரு முஷ்டியை வையுங்கள். அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ பத்து டிகிரி. மூன்றாவது முஷ்டியின் உச்சியை ஒட்டி வெண்மையாக மின்னுவது அகத்திய நட்சத்திரம். இரவு வானில் இதைவிடப் பிரகாசமான விண்மீன் சிரியஸ் ஒன்றுதான்.

அதே நட்சத்திரம் டெல்லிக்காரருக்கு ஒரு முஷ்டி உயரம்கூட ஏறுவதில்லை. தொடுவானத்துப் புழுதியிலேயே மங்கிவிடும். ஸ்ரீவராகத்துக்காரருக்கு அதே கதி வடக்கே துருவ நட்சத்திரத்தில். எந்த ஊரிலும் துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை அளவுதான். திருவனந்தபுரம் இருப்பது 8.5 டிகிரி வடக்கில். எதிர்வீட்டுத் தென்னை மறைக்கப் போதுமான உயரம்.

வடக்கில் இழந்தது தெற்கில் வட்டியோடு திரும்பி வருகிறது. திரிசங்கு என்று நம் முன்னோர் அழைத்த தெற்குச் சிலுவை டெல்லியில் முழுதாக உதிப்பதே இல்லை. அதன் அடி விண்மீன் தொடுவானத்துக்குக் கீழேயே தங்கிவிடும். இங்கே ஏப்ரல் நடுவில் இரவு பதினொன்றரை மணிக்கு இரண்டு முஷ்டி உயரத்தில் நேராக நிற்கும். அதன் இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்பா சென்டாரி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம். தொலைவு நான்கேகால் ஒளியாண்டு. சாதாரண பைனாகுலர் இருந்தால், சிலுவைக்கு மேலே இடப்புறம், மூன்றரை முஷ்டி உயரத்தில், பஞ்சுத் துணுக்கு போல ஒமேகா சென்டாரி தட்டுப்படும். லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து அது.

நட்சத்திர பங்களா

இந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதற்கு மதிப்பு உண்டு என்று முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் மன்னர் சுவாதித் திருநாள். 1837இல் அவர் ஆதரவில் நகரத்துக் குன்றொன்றில் வானாய்வு நிலையம் எழுந்தது. முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். ஊரார் வைத்த பெயர் 'நட்சத்திர பங்களா'.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. நிலநடுக்கோடு வேறு, இது வேறு. காந்த நடுக்கோட்டில் காந்த ஊசி எந்தப் பக்கமும் தாழாமல் கிடையாக நிற்கும். 1852இல் வானாய்வு நிலையத்தின் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் ஊசியின் நாளாந்த அசைவுகளை அளக்க, அகத்தியமலை உச்சியிலேயே ஒரு கூடம் அமைத்தார். நட்சத்திரத்துக்கும் மலைக்கும் ஒரே முனிவரின் பெயர்.

தும்பாவின் ஆரஞ்சு மேகம்

நூறாண்டுக்குப் பின் ராக்கெட் ஏவ இடம் தேடி விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் இங்கே வந்ததற்கும் காரணம் அந்தக் கோடுதான். காந்த நடுக்கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில், பகலில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. பலூன் அங்கே எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. சிறு ராக்கெட் மட்டுமே போய் வரும். ஆகவே ஊரை ஒட்டிய தும்பா மீனவக் கிராமத்தின் மேரி மக்தலேனா தேவாலயம் ஆய்வுக்கூடமானது. 1963 நவம்பர் 21 அந்தி நேரத்தில் அமெரிக்காவின் நைக்-அபாச்சே ராக்கெட் கிளம்பி, மேலே சோடியம் ஆவியை உமிழ்ந்தது. தரையில் இருட்டத் தொடங்கியிருந்தாலும் அந்த உயரத்தில் வெயில் இருந்ததால் ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அது நெளிந்து கலைந்த விதத்திலிருந்து மேல்வானக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டார்கள். அன்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு விண்வெளிச் சோதனைக்குச் சாட்சி.

செலவில்லாத சோதனை

டெலஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு பகல்நேரச் சோதனை. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி நாட்களிலும் சூரியன் இந்த ஊரின் நேர் உச்சிக்கு வரும். சமதளத்தில் பேட்டரி செல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி அடியிலேயே ஒளிந்துகொள்ளும். அது நடப்பது பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12.23க்கு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு ஐந்தரை டிகிரி மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் தாமதம்.

இரவு வானத்துக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். பிறகு மழை மேகம் சூழ்ந்துவிடும். நிலா இல்லாத இரவைத் தேர்ந்து, செல்போனை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அதற்குத்தான் வடகரை: எதிரே வீடுகள் ஒதுங்கிநிற்க, தெற்கு வானம் குளத்தின் அகலத்துக்கு விரிந்து கிடக்கும்.