மருந்துக்கு மசியாத கிருமி: காரணம் ஒரு சிறு புரதம்

நெற்பயிரைத் தாக்கும் பாக்டீரியா இலைக் கருகல் நோய்க்கு, ஸ்ட்ரெப்டோமைசின் 9 பங்கும் டெட்ராசைக்ளின் 1 பங்கும் கலந்த மருந்தைத் தெளிப்பது பல ஆண்டுகளாக விவசாயிகளிடையே இருந்துவந்த வழக்கம். ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், அது பலன் தராமல் போகக்கூடும். கிருமிக்குள் இருக்கும் எஸ்-12 என்ற புரதத்தில் ஏற்படும் சிறு மாறுதல் இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

புரதம் தொடுக்கும் இடம்

எல்லா உயிரணுக்களிலும் ரைபோசோம் என்ற நுண்ணிய உறுப்பு உண்டு. மரபணுவிலிருந்து வரும் கட்டளையைப் படித்து, அமினோ அமிலங்களைப் பூச்சரம் தொடுப்பது போல வரிசையாகக் கோத்துப் புரதம் தயாரிப்பது இதன் வேலை. பாக்டீரியாவின் ரைபோசோமில் பெரிய பாகம், சிறிய பாகம் என இரண்டு உண்டு. சிறிய பாகத்தில் உள்ள சுமார் 20 புரதங்களில் ஒன்றே எஸ்-12. கட்டளை படிக்கப்படும் இடத்தை ஒட்டியே அமைந்து, சரியான அமினோ அமிலம் வந்து சேர இது உதவுகிறது.

சிறிய பாகத்தின் அமைப்பை 2000-ம் ஆண்டில் தெளிவாக வெளியிட்ட குழுவினருள் ஒன்றுக்குத் தலைமை வகித்தவர், சிதம்பரத்தில் பிறந்த விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-ல் இவர் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து தோற்பது எப்படி?

ஸ்ட்ரெப்டோமைசின், 1943-ல் அமெரிக்காவில் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இது எஸ்-12 புரதத்தின் அருகில் பற்றிக்கொண்டு, கட்டளையைத் தப்பாகப் படிக்கச் செய்கிறது. பழுதான புரதங்கள் பெருகிக் கிருமி மடிகிறது.

கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றில், எஸ்-12 புரதத்தின் 43-வது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் அர்ஜினினாக இயற்கையாகவே மாறியிருக்கலாம். அதில் மருந்து பற்றாது. ஆனால் புரத உற்பத்தி தொடர்ந்து நடக்கும். மருந்து தெளித்ததும் மற்றவை மடிய, இந்தக் கிருமி மட்டும் போட்டியின்றிப் பெருகுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேரிக்காய் மரங்களைத் தாக்கும் கிருமி 1971-லேயே இம்மருந்துக்கு மசியவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது தெரியவந்தது இந்த மாறுதலே.

மனிதரின் காசநோய்க்கும் இதே மருந்து பயன்படுகிறது. காசநோய்க் கிருமியிலும் இதே இடத்தில் மாறுதல் ஏற்படுவதுண்டு. பயிருக்கு இம்மருந்தைத் தடைசெய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

* நோய் இன்னதென்று முதலில் உறுதி செய்யவும். நோயுற்ற இலையை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டிய இடத்திலிருந்து பால் போலக் கசிவு இறங்கும். அது பாக்டீரியாவின் அடையாளம். குலை நோய் பூசணத்தாலும், துங்ரோ நோய் வைரஸாலும் வருவன. அவற்றுக்கு இம்மருந்து வீண் செலவே.

* தழைச்சத்தை அளவோடு, பிரித்து இடவும்.

* நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ள வேண்டாம். காயத்தின் வழியே கிருமி நுழையும்.

* நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்ச வேண்டாம்.

* நோய் தென்பட்டதும் 20 சத பசுஞ்சாணக் கரைசலைத் தெளிய வைத்து, வடிகட்டித் தெளிக்கவும். 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்கவும்.

* நோய் அடிக்கடி வரும் பகுதிகளில், எதிர்ப்புத் திறனுள்ள மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.