விமானம் இங்கே... வாடகை அயர்லாந்துக்கு! வரி யாருக்கு?

விமானத்தின் மேல் நம்மூர் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால், அதன் உரிமையாளர் பல நேரங்களில் அயர்லாந்தில் இருக்கும் ஒரு கம்பெனி! இந்திய விமான நிறுவனங்கள் இயக்கும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுக்கப்பட்டவைதான்.

அந்த வாடகைக்கு இந்தியா வரி போடலாமா? 2000-ல் கையெழுத்தான இந்தியா - அயர்லாந்து இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, இயந்திரங்களை வாடகைக்கு விட்டு வரும் பணத்துக்குப் போடலாம். விமானத்துக்கு மட்டும் விலக்கு.

'இது வாடகையே அல்ல, கடன் கொடுத்து வாங்குவது போன்றது. வரிச் சலுகைக்காகவே அயர்லாந்தில் கம்பெனி நடத்துகிறார்கள்' என்றது வருமான வரித்துறை. 2025 ஆகஸ்டில் மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. குத்தகை முடிந்தால் விமானம் உரிமையாளரிடமே திரும்பும், எனவே இது வாடகைதான் என்றது.

இதில் நமக்கென்ன? வரி விழுந்தால் அதையும் விமான நிறுவனமே கட்ட வேண்டும் என்ற ஷரத்து பல குத்தகை ஒப்பந்தங்களில் உண்டு. அந்தச் சுமை கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து நிற்கும். வரி போடாவிட்டால், இழப்பு அரசு கஜானாவுக்கு. அதனால்தான் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் சலுகைகள் கொடுத்து, விமானக் குத்தகைத் தொழிலையே இங்கு வரவழைக்கப் பார்க்கிறது மத்திய அரசு.