மாத்திரை போட்டுக்கொண்டு மலை சுற்றலாமா?

விடியற்காலையில் திருவண்ணாமலை ரமணாசிரம வாசலில் நின்று செங்கம் சாலையைப் பார்த்தால், நடந்து போகிறவர்களில் இரண்டு வகை தெரியும். வெறுங்காலும் திருநீறுமாக மலையைச் சுற்றுகிறவர்கள் ஒரு வகை. ஷூவும் ஸ்மார்ட் வாட்சுமாக டாக்டர் சொன்ன நடையை நடக்கிறவர்கள் இன்னொரு வகை. ஐம்பதைத் தாண்டிய சிலர் இரண்டு வகையிலும் சேர்த்தி. ஸ்டென்ட் வைத்திருப்பார்கள், அல்லது ரத்த அழுத்தமோ படபடப்போ இருக்கும். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு புகார் வரும். “எவ்வளவு வேகமா நடந்தாலும் வாட்ச்ல துடிப்பு நூறைத் தாண்ட மாட்டேங்குது” என்பது ஒன்று. “மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து கால்ல தெம்பே இல்ல” என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் காரணம் பீட்டா பிளாக்கராக இருக்கலாம். மெட்டோபுரோலால், அட்டெனலால், பைசோபுரோலால், கார்விடிலால், நெபிவலால் என்று மருந்துச் சீட்டில் ‘லால்’ என முடியும் பெயர் இருந்தால் அநேகமாக அந்த வகைதான். இவற்றுக்கெல்லாம் மூத்தது புரோப்ரனலால். 1960களில் அதை உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

நடக்கும்போதும் பதறும்போதும் உடம்பில் அட்ரினலின் சுரந்து இதயத்தை முடுக்கும். அந்த முடுக்கல் இதயத்தில் போய்ச் சேரும் இடங்களை இந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. அதனால் துடிப்பு குறைகிறது, அழுத்தம் தணிகிறது, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைகிறது. லாரியில் பொருத்தும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி மாதிரிதான்: ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முள் ஓர் அளவுக்கு மேல் ஏறாது.

ஏறாத முள்ளை ஏற்றியே தீருவேன் என்று ஓட்டமும் நடையுமாகப் போவதில்தான் ஆபத்து. ஜிம்மிலும் வாட்சிலும் பழகிய கணக்கு, 220இலிருந்து வயதைக் கழிப்பது. அறுபது வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு 160. அதில் எழுபது சதவீதம் 112. அதைத் தொட்டால் நல்ல பயிற்சி என்று வாட்ச் சொல்லும். அவர் மாத்திரை போடுகிறவர் என்பது அதற்குத் தெரியாது. பீட்டா பிளாக்கர் எடுக்கும் இதயத் தமனி நோயாளிகளுக்காக 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு கணக்கு தந்தார்கள்: வயதை 0.7ஆல் பெருக்கி 164இலிருந்து கழிப்பது. அதே அறுபது வயதுக்காரருக்கு இப்போது உச்சம் 122தான். 112ஐத் தொடுவது என்றால் தன் உச்சத் துடிப்பில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறார் என்று பொருள். இதுவும் சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள் மாறும். சரியான அளவு வேண்டுமென்றால், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே டிரெட்மில் சோதனை செய்து டாக்டர் சொல்ல வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரெட்மில்லுக்குச் சில சமயம் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அதில் வரும் துடிப்பு எண்ணை நடைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வாட்சை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? மூச்சை. ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் இதற்கென்றே ஓர் அளவுகோல் வகுத்தார். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நடப்பவரே 6 முதல் 20 வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். இதய நோயாளிகளைப் பொதுவாக 11 முதல் 14க்குள் நிற்கச் சொல்வார்கள். எண் பிடிக்காதவர்களுக்குப் பேச்சுச் சோதனை இருக்கிறது. கிரிவலப் பாதையில் அதைச் செய்வது மிகச் சுலபம். அட்சரமணமாலை பாடிக்கொண்டே நடக்க முடிகிறதா? அது மென்னடை. பாட மூச்சுப் போதவில்லை, ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது என்றால் மிதமான வேகம். உங்களுக்கு வேண்டியது இதுதான். ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்பதையே இரண்டு மூச்சில் சொல்ல வேண்டியிருந்தால் வேகம் அதிகம், குறைத்துவிடுங்கள்.

கிரிவலத்தை நிறைமாதக் கர்ப்பிணியான அரசியைப் போல மெல்ல நடக்க வேண்டும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்வது. 1926 வரை மலையைச் சுற்றிய ரமணரும் அப்படித்தான் மெதுவாகச் சுற்றினார் என்பார்கள். இதய நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரையை எந்த மருத்துவ ஏட்டிலும் நான் படித்ததில்லை. மூன்று மணி நேரத்தில் முடித்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

ஆனாலும் 14 கிலோமீட்டர் என்பது 14 கிலோமீட்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதமே அதில் இறங்க வேண்டாம். ஆசிரமத்திலிருந்து பெரிய கோயில் சுமார் இரண்டு கிலோமீட்டர். சமதளம், வழியெல்லாம் கடை, உட்கார இடம். அந்தத் தூரத்திலிருந்து தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டலாம். முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் இன்னும் மெதுவாக. ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கல்பாதை வேறு சங்கதி. ஏற்றத்தில் கால் தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கும். துடிப்பை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாத இதயம் திணறும். சமதளத்தில் ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்க வந்த பிறகு, டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

முழுச் சுற்றுக்கு முதல்முறை போகிறவர்கள் சாதாரண நாளில் போங்கள். முடியவில்லை என்றால் அடி அண்ணாமலையிலோ வேறெங்கோ ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம். பௌர்ணமி இரவில் பாதையில் வண்டி ஓடாது. கூட்டத்துக்கு நடுவே மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு.

பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. வழியில் அஷ்டலிங்கங்கள். ஒவ்வொன்றின் முன்னும் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சட்டென்று எழுவோம். எழுந்தவுடன் ரத்தம் காலுக்கு இறங்கும். சாதாரணமாக இதயம் உடனே வேகமாகத் துடித்து அதைச் சரிக்கட்டும். பீட்டா பிளாக்கர் அந்தத் துடிப்பைத் தடுக்கிறது. கார்விடிலால் ரத்தக் குழாய்களையும் தளர்த்துவதால் தலை கிர்ரென்று சுற்றுவது இன்னும் அதிகம். அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்வதும் இதனால்தான். எனவே எழும்போது முதலில் மண்டியிட்டு, இரண்டு மூச்சு விட்டு, பிறகு நில்லுங்கள். நின்றபடி கைகூப்பினாலும் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குப் பட்டினி நடையில் சர்க்கரை இறங்கலாம். அப்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடம்பு தரும் எச்சரிக்கை அது. பீட்டா பிளாக்கர் இந்த இரண்டையும் மறைத்துவிடக்கூடும். மிஞ்சுவது பெரும்பாலும் வியர்வைதான். மலை சுற்றும்போது எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஆகவே இவர்களுக்கு விரதக் கிரிவலம் வேண்டாம் என்பதே என் கருத்து. சாப்பிட்டுவிட்டு நடங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை; சித்திரை மாதத்துத் தார்ச்சாலை தெரிந்தவர்கள் பகலில் இறங்க மாட்டார்கள். உடம்புச் சூட்டைத் தோல் வழியாக வெளியேற்றுவதை இந்த மருந்து மந்தப்படுத்தக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரிவலத்தன்று மட்டும் மாத்திரையை விட்டுவிட்டால் தெம்பாக நடக்கலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. இதைவிட மோசமான யோசனை இல்லை. பல மாதம் அடைபட்டிருந்த இதயம் அட்ரினலினுக்கு முன்னைவிடக் கூர்மையாகத் துள்ளும் நிலையில் இருக்கும். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் மேற்பார்வையில் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான். சோர்வு பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் இறைக்கும் சக்தி குறையாதவர்களுக்கு இந்த மாத்திரை நீண்டகாலம் தேவையா என்ற கேள்வியை 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு எழுப்பியிருக்கிறது. இறைக்கும் சக்தி குறைந்தவர்களுக்கோ இது உயிர்காக்கும் மருந்து, அதில் சந்தேகமில்லை. நீங்கள் எந்த வகை என்று எக்கோ ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள்.

துடிப்பு ஏறாவிட்டால் நடந்து பயனில்லையோ என்று மலைக்க வேண்டாம். மாத்திரை எடுத்துக்கொண்டே பயிற்சி செய்தவர்களுக்கும் உடல் வலு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவே பெரும்பாலானவர்களுக்கு இலக்கு.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, கண் இருட்டினாலோ அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். அடுத்த லிங்கம் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் தருகிறார்கள். அங்கே முதலில் கேட்பது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதாக இருக்கும். அதனால் மருந்துச் சீட்டின் நகலையும் வீட்டாரின் போன் எண்ணையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.