உறங்கும் புல்விதை

இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் வழியாக இலுக்கும்புறை நோக்கிச் செல்வோர் பிட்டவலைப் பத்தனையைக் கண்டிருப்பர். அத்தகைய புல்வெளிகளில் நடந்து மீண்டால் வேட்டிக்கரையில் கூரிய விதைகள் தைத்திருப்பதும் உண்டு. அவ்வாறு தைப்பனவற்றுள் ஒன்று ஊசிப்புல்.

அவ்விதையின் நீண்ட வால் ஈரத்தில் முறுக்கவிழும். உலர்ந்தால் மீண்டும் முறுக்கேறும். இங்ஙனம் மாறி மாறிச் சுழன்று, விதை தன் கூர்நுனியைத் தானே மண்ணுட் செலுத்துகின்றது. நுனியிலுள்ள மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலின் புகுந்தது வெளியே வாராது.

தேயிலை மீள்நடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுதற்குக் குவாத்தமாலாப் புல்லும் மானாப் புல்லும் நடுவர். அவை தண்டாலும் தூராலும் நடப்படுவன. ஆதலின் புல்விதையைப் பற்றி நம்மவர் எண்ணுவதில்லை. நாமும் எண்ணியதில்லை. ஒருமுறை மாணாக்கருடன் வீதியோரத்து ஊசிப்புல் விதையைப் பறித்து, மண் கரையும் ஒரு சரிவில் அன்றே தூவினோம். ஒன்றேனும் முளைக்கவில்லை. விதை பழுதென்று அச்சரிவைக் கைவிட்டோம். அடுத்த மாரியில் மேல்மண் வாய்க்காலில் ஓடிற்று. அலுமாரியில் மறந்து கிடந்த ஒரு பை விதையை மறுவருடம் ஈரமணலில் இட்டபோதே உண்மை புலப்பட்டது. அவை முளைத்தன!

பறித்த புதிதில் விதை உயிரோடிருந்தும் முளைக்க மறுப்பதை உறங்குநிலை என்பர். காலமல்லாக் காலத்து ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைப்பின், பின்வரும் வெயிலில் அனைத்தும் மடியும். ஆகவே சில மாதம் உலர்ந்து முதிர்ந்த பின்னரே அவை இணங்கும். நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான பையில் வைத்தல் போதும். விரலால் நசுக்கிப் பார்த்து, மணியில்லாப் பதரை நீக்குக. காட்டுப் புல்லிற் பதர் மிகுதி. உமியை மெல்லத் தேய்த்தல் சில இனங்களுக்கு உதவும். ஆழப் புதைத்தலாகாது, மெல்லிய மண்போர்வையே சாலும்.

தீக்குப் பின் புல் தழைப்பதன் காரணங்களுள் புகையும் ஒன்று. 2004ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர், முளைத்தலைத் தூண்டும் ஒரு சேர்வையைப் புகையிலிருந்து பிரித்தறிந்தனர். அதன் இனத்துக்குக் 'கரிக்கின்' என்பது பெயர். அந்நாட்டு நூங்கர் மக்களின் மொழியில் 'கரிக்' என்றால் புகை. (நம் 'கரி'யோடு ஒலியொத்தது தற்செயலே.) இதைக் கேட்டுப் பத்தனைக்குத் தீயிட எவரும் துணிதல் வேண்டா. எரிந்த சரிவின் மண்ணை முதல் மழையே கொண்டுபோகும். புகையை நீரிற் செலுத்தி, அந்நீரில் விதையை ஊறவைத்தலே ஆய்வாளர் கையாளும் முறை.

நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்ட வனமாதலால், விதையை அங்கே பறித்தலாகாது. வீதியோரத்திலும் சொந்தக் காணியிலும் திரட்டுக.