சிவனிப்பள்ளிக்கு வழி சொன்னவர்கள்

ஓசூர் தொழிற்பேட்டைக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர்களில் பலருக்கு, தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே காட்டோரமாக இருக்கும் சிவனிப்பள்ளியைத் தெரியாது. ஆனால் 1959-லேயே அந்த ஊர்ப் பெயர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பில் ஏறிவிட்டது. சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தையைப் பற்றிய புத்தகம் அது. எழுதியவர் கென்னத் ஆண்டர்சன்.

1910-ல் செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக்காரர். பிழைப்புக்குப் பெங்களூரு விமானத் தொழிற்சாலை, மனசெல்லாம் காடு. ஸ்டூட்பேக்கர் காரை எடுத்துக்கொண்டு ஜவளகிரி, அஞ்செட்டி என்று சுற்றுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். வெள்ளைக்கார ஆட்சி போன பிறகும் கப்பல் ஏறவில்லை. 1974-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார்.

1939 முதல் 1966 வரை அரசுக் கணக்கில் அவர் சுட்ட ஆட்கொல்லிகள்: 8 சிறுத்தைகள், 7 புலிகள். கும்மளாபுரத்துச் சிறுத்தை மட்டுமே 42 பேரைக் கொன்றதாக எழுதுகிறார். பொழுது சாய்ந்தால் ஊரே வீட்டுக்குள் முடங்கிய காலம் அது.

துப்பாக்கி அவருடையது, காடு தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். பெண்ணாகரம் பக்கத்துக் காட்டில் வாழ்ந்த பைரா பூசாரியும், கூடவே அலைந்த ரங்காவும் அவர் கதைகளில் பெயரோடு வருகிறார்கள். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்தத் தடம் நேற்றையது, எது இன்றையது என்பதெல்லாம் மாடு மேய்க்கிறவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் வழி சொல்லாமல் ஆண்டர்சனால் ஒரு மைல்கூடப் போயிருக்க முடியாது. அதை மறைக்காமல் எழுதியதுதான் அவருடைய பெருந்தன்மை.

2014-ல் இந்தக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமானது. வேட்டைக் காலம் மலையேறிவிட்டது. காவல் மட்டும் ஓயவில்லை. ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குகிறது. கையில் டார்ச், பக்கத்தில் தகர டப்பா, ஒரு கட்டு பட்டாசு என்று விவசாயி பரண்மேல் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார். யானை எந்த ஓடை வழியாக வரும் என்பது வனத்துறைக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பயிர் போனால் நஷ்டஈட்டுக்கு மனு எழுதலாம். தூங்காத ராத்திரிகளுக்கு எந்த மனுவிலும் கட்டம் கிடையாது.