அறிகுறியின்றி உறையும் தொற்று: இளம் பெண்களுக்கான சோதனையில் ஓர் இடைவெளி

அக்கராயனில் முதற் பிள்ளையைக் கருவுற்றிருக்கும் ஓர் இளம் பெண் கர்ப்பிணிக் கிளினிக்குக்குச் சென்றால், அவளது குருதி வீ.டி.ஆர்.எல். சோதனைக்கும் எடுக்கப்படும். சிபிலிஸ் எனும் பாலியல் நோய் உள்ளதா என்பதை அறியவே இச்சோதனை. இந்நோய்க் கிருமி ஆண்டுக்கணக்கில் எவ்வித அறிகுறியுமின்றி உடலில் உறைந்திருந்து, கருவிலுள்ள சிசுவைக் கொல்லவும் கூடியது. ஆள் பார்த்துத் தெரிவு செய்யாது எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்தமை பயனளித்தது. சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. போர் சிதைத்த வன்னியையும் உள்ளடக்கிய சாதனை இது.

ஆயின் அதே இயல்புடைய வேறிரு பக்டீரியாத் தொற்றுகள் இவ்வலையில் அகப்படுவதில்லை. அவை கிளமீடியாவும் கொணோரியாவும் ஆகும். 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 15 முதல் 49 வயதினரிடையே 12 கோடியே 90 இலட்சம் புதிய கிளமீடியாத் தொற்றுகளும், 8 கோடியே 20 இலட்சம் கொணோரியாத் தொற்றுகளும் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கிளமீடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலானோருக்கு வலியோ காய்ச்சலோ வெள்ளைபடுதலோ இருப்பதில்லை. கருப்பைக் கழுத்தில் தங்கும் கிருமி மேலேறிப் பலோப்பியன் குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, அவற்றைத் தழும்பேறச் செய்கின்றது. விளைவு பின்னரே தெரிகின்றது: பிள்ளைப்பேறின்மை, அல்லது குழாயிலேயே கரு தங்கி உயிராபத்து. பிள்ளையில்லை என்ற பழியை எமது சமூகங்களில் யார் சுமக்கின்றார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் கருப்பைக் கழுத்துக் கலங்கள் இக்கிருமிக்கு எளிதில் இடமளிப்பவை என்பது மேலும் கவனிக்கத்தக்கது.

நோய்க்குறி கண்டு மருந்து கொடுக்கும் முறை இங்கு இரு வகையில் தவறுகின்றது. குறியில்லாதவர் மருத்துவரிடம் செல்வதேயில்லை. வெள்ளைபடுதலென்று செல்வோருள் பலருக்கோ காரணம் வேறாக இருக்கும். அவர்கள் தேவையற்ற மருந்தை உட்கொள்ள நேரிடுகின்றது.

கண்டறிதல் இன்று கடினமானதன்று. கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் காணும் சோதனைக்குச் சிறுநீரோ, பெண் தானே யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியோ போதுமானது, உடற்பரிசோதனை அவசியமில்லை. இரண்டினுள் தானே எடுக்கும் மாதிரியே கிருமியைச் சற்று நன்றாகக் காட்டும். காசநோயைக் கண்டறிய இந்நாட்டில் பயன்படும் ஜீன் எக்ஸ்பேர்ட் கருவியே, அதற்குரிய பெட்டகத்தை இட்டால், இவ்விரு தொற்றுகளையும் ஒன்றரை மணி நேரமளவில் காட்டிவிடும். தடையாக நிற்பது பெட்டகத்தின் விலையே.

சோதிப்பதனால் பயனுண்டா என்பது நியாயமான வினா. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆபத்துக்கூடிய இளம் பெண்களைத் தேடிச் சோதித்துச் சிகிச்சையளித்தபோது, ஓராண்டுக்குள் இடுப்பறை அழற்சி பாதிக்கும் மேலாகக் குறைந்ததென 1996இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இங்கிலாந்தோ இருபாலாரையும் பெருமளவிற் சோதித்து வந்தபின், 2021இல் நோக்கத்தை மாற்றிக்கொண்டது. பரவலைத் தடுப்பதை விடுத்து, பெண்களுக்கு நேரும் தீங்கைக் குறைப்பதையே முதன்மையாகக் கொண்டு, இளம் பெண்களுக்கே சோதனையை முன்வந்து வழங்குகின்றது. வளங் குறைந்த எமக்கும் இதுவே பொருந்துமெனலாம்.

இலங்கையில் கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் சோதனையுண்டு. முப்பத்தைந்து வயதானவருக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையுண்டு. திருமணத்திற்கும் முதற் கர்ப்பத்திற்கும் இடைப்பட்ட பெண்ணின் கிளமீடியாவைத் தேடும் ஏற்பாடு மட்டும் இல்லை. அதற்கான வாயில் ஏற்கெனவே திறந்திருப்பதுதான் விந்தை. குடும்பநல உத்தியோகத்தர் புதுமணத் தம்பதியரைப் பதிவுசெய்து, கருத்தரிப்பதற்கு முன்னரான பராமரிப்புக்கு அழைக்கின்றார். அங்கே இருவருக்கும் இச்சோதனையையும் சேர்ப்பின், வீ.டி.ஆர்.எல். போன்று எல்லோருக்கும் உரியதாகிவிடும். எவரது ஒழுக்கமும் கேள்விக்குள்ளாகாது.

திருமணத்திற்கு அப்பாற்பட்ட உறவை ஏற்காத சமய நெறியில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் இப்பேச்சே இழிவாகத் தோன்றலாம். ஆனால் ஒழுக்கத்தில் சிறிதும் வழுவாத மனைவிக்கும் கணவன் மூலம் இது தொற்றும். திருமணத்திற்கு முன் அவனுக்குத் தொற்றியிருந்ததை அவனே அறியாதிருக்கலாம். திருமணமாகாத பெண்ணுக்கும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒருவர் சென்றதை மறுநாள் ஊரே அறியும் கிராமத்தில், இரகசியம் பேணப்படாவிடின் எச்சோதனையும் பயன்படாது. மாவட்ட வைத்தியசாலைகளிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் கட்டணமின்றியும் விபரங்களை வெளியிடாமலும் இயங்குபவை. அக்கராயனிலுள்ளோருக்குக் கிளிநொச்சியே அண்மையது.

சிகிச்சை எளிது. கிளமீடியாவுக்கு டொக்சிசைக்ளின் ஏழு நாட்களுக்கும், கர்ப்பிணியாயின் அசித்ரோமைசின் ஒரே வேளையும் வழங்கப்படும். கொணோரியாவுக்கு ஊசி மருந்து. கணவனுக்கும் மருந்து கொடுக்கப்படல் வேண்டும். இருவரது சிகிச்சையும் முடியும் வரை, ஒரே வேளை மருந்தாயின் அதன்பின் ஏழு நாட்கள் கழியும் வரை, உடலுறவைத் தவிர்த்தல் வேண்டும். மனைவி மட்டும் மருந்துண்டால் தொற்று மீண்டும் அவளிடமே வந்து சேரும். ஆகையால் மூன்று மாதங்களின் பின் மறுபடியும் சோதித்துப் பார்க்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.