வெந்நீர்க் கொதிகலன் கசிந்தால்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், 22 கொண்டையூசி வளைவுகள் கொண்ட பொன்முடி மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ளது கல்லாறு. இத்தகைய மலையோர ஊர்களில், ‘கீசர்’ எனப்படும் மின் கொதிகலன் மழைக்காலத்தில் இன்றியமையாதது. அது கசியத் தொடங்கியதும் புதியது வாங்க முற்படுவோரும் உளர். கசிவைப் பொருட்படுத்தாதோரும் உளர். முன்னது வீண்செலவாகலாம், பின்னது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

முதலில் மின்சாரத்தை மெயின் பலகையிலேயே துண்டியுங்கள். பின்னர் நீர்வரத்து வால்வை மூடி, உடற்பகுதியை உலரத் துடைத்து, ஈரம் எங்கே அரும்புகிறது எனக் கவனியுங்கள்.

பாதுகாப்பு வால்வில் சொட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. நீர் சூடேறும்போது விரியும். 15 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடேறினால் சுமார் 200 மில்லி லிட்டர் மிகும். அது வெளியேறும் வழியை ஒருபோதும் அடைத்தல் ஆகாது. ஆறிய பின்னும் ஓயாது சொட்டினால், வால்வு பழுதடைந்திருக்கலாம் அல்லது நீரழுத்தம் மிகுந்திருக்கலாம். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். எனவே, சரிவின் மேலே தொட்டி அமைத்துள்ள இல்லங்களுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு தேவைப்படலாம்.

குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர் மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது. அடித்தட்டில் கசிந்தால் கேஸ்கெட்டைத் தொழில்நுட்பர் மாற்றுவார். உள்தொட்டியே துருப்பிடித்து ஓட்டையாகியிருப்பின், கொதிகலனை மாற்றுவதே முறை. அதற்குமுன் உத்தரவாத அட்டையைப் பாருங்கள். தொட்டிக்குத் தனியே நீண்ட உத்தரவாதம் இருக்கக்கூடும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதனைக் காப்பது உள்ளிருக்கும் மக்னீசியத் தண்டு. ஆண்டுதோறும் அதனைச் சோதிப்பது சிக்கனம்.

புதியது வாங்குவோர் ஐ.எஸ். 2082 தரத்திற்கான ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியீட்டையும் காண்க. நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் இல்லாத இணைப்பில் அதனைப் பொருத்தாதீர்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு, நீர்த்தொட்டி, நீர்ச்சாதனம், குழாய் ஆகியவை வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ வீட்டிற்கு நேரும் சேதத்தை உள்ளடக்கியது. எதிர்பாரா நிகழ்வுக்கே அது துணை நிற்கும். நாட்பட்ட தேய்மானம் அதில் அடங்காது. ஆகவே சேதம் நேர்ந்தால், பழுது நீக்குமுன் புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள். சிறு கசிவை உடனே கவனிப்பவருக்கு ஒரு வாஷரோடு செலவு முடியும்.